குன்னூர் ஈரத்தில் மினியேச்சர் படை: முதல் பத்து வீரர்களுக்கான செய்முறை

சிறு பொம்மை வீரர்களை ஒட்டி, வண்ணம் பூசி, மேசையில் மோதவிடும் வார்ஹாமர் போன்ற மினியேச்சர் போர் விளையாட்டுகளில் இறங்க நினைப்பவர்களுக்கு இணையத்தில் வழிகாட்டிகள் நிறைய உண்டு. நான் பார்த்த வரையில் அவை நம் மலை ஈரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பக்கம் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. என்ன வாங்குவது

பெரிய படை வேண்டாம். வார்ஹாமர் 40,000 முழு ஆட்டத்துக்கு 60 x 44 அங்குல மேசை வேண்டும், பணமும் அதற்கேற்ப இறங்கும். கில் டீம் மாதிரி சிறு மோதல் ஆட்டம் என்றால் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பேர் அளவில் போதும், படிக்கிற மேசையிலேயே ஆடலாம். ஒன் பேஜ் ரூல்ஸ் தளத்தில் அடிப்படை விதிகள் இலவசம், எந்த நிறுவனத்தின் பொம்மையையும் அதில் இறக்கலாம். நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். கூட ஆட ஒருவரைப் பிடித்துவிட்டு வாங்குங்கள். இருவரும் பாதிப் பாதி போட்டால் செலவும் குறையும்.

2. வெட்டி ஒட்டுவது

பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து அவற்றை நிப்பரால் (சிறு வெட்டுக்குறடு) வெட்டி, அச்சில் வார்த்தபோது விழுந்த கோட்டைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். உப்புத்தாள் நைசாக இருக்கட்டும். கெட்டி பிளாஸ்டிக் என்றால் பிளாஸ்டிக் சிமென்ட்தான், அது இரண்டு துண்டையும் உருக்கி ஒன்றாக்கிவிடும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் சூப்பர் க்ளூ. சூப்பர் க்ளூ காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், அதனால் மழைக்காலத்தில் சட்டென்று பிடிக்கும். ஆனால் அதிகமாக வைத்தால் மூட்டைச் சுற்றி வெள்ளைப் படலம் வரும். ஊசிமுனை அளவு போதும்.

3. பிரைமர் (இங்கேதான் நிதானம் வேண்டும்)

வண்ணம் பிடிப்பதற்காக முதலில் பூசும் அடிப்பூச்சுதான் பிரைமர். எல்லா வீடியோவிலும் ஸ்ப்ரே பிரைமர் அடித்துக் காட்டுவார்கள். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகையில் அதை முயன்றால் கறுப்புப் பிரைமர் சாம்பல் பூத்து நிற்கும். முகத்தின் கண், மூக்கு எல்லாம் சொரசொரப்பில் மறைந்துவிடும்.

காரணம் இதுதான். ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு சில்லிட்டுப் போகிறது. ஏற்கெனவே நனைந்திருக்கும் காற்றிலிருந்து நீர் அதன்மேல் படிந்து, காயாத பெயிண்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. டப்பாவே குளிர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து துளிகள் பெரிதாக விழும், அதுவும் சேர்ந்துகொள்ளும்.

எனக்கு இதைத் தீர்த்து வைத்தது தூரிகையால் பூசும் பிரைமர். வயேகோ (Vallejo) நிறுவனத்தின் சர்ஃபேஸ் பிரைமர் நல்லது. ஸ்ப்ரே டப்பாக்களை விமானத்தில் அனுப்பக் கட்டுப்பாடு உண்டு, குப்பிக்கு அந்தத் தொல்லையும் குறைவு. செய்முறை:

- சோப்பு நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, முழுதாகக் காயவிடுங்கள்.
- அகலமான மென்மையான சின்தெடிக் தூரிகையால் ஒரு மெல்லிய பூச்சு. அடியில் பிளாஸ்டிக் தெரிந்தால் பரவாயில்லை.
- அது காய்ந்ததும் இரண்டாவது பூச்சு. பாதி காய்ந்த இடத்தைத் திரும்பத் தொடாதீர்கள், தோல் மாதிரி உரிந்து வரும்.
- ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள். சாரல் நாட்களில் இரண்டு நாள்.

ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் ஜனவரி, பிப்ரவரியில், நல்ல வெயில் நாளின் நண்பகலில், வீட்டுக்கு வெளியே அடியுங்கள். டப்பாவை முன்கூட்டியே வீட்டுக்குள் வைத்திருங்கள். அடுப்புப் பக்கமோ வெந்நீரிலோ வைக்கவே கூடாது, வெடிக்கும். இரண்டு நிமிடம் குலுக்கி, ஒரு அடி தூரத்தில் பிடித்து, விட்டு விட்டு அடியுங்கள்.

4. வண்ணம்

பெயிண்ட் சீக்கிரம் காயாமல் வைத்திருக்கும் ஈரப் பேலட் (கலவைத் தட்டு) செய்துகொள்ளுங்கள்: மூடி உள்ள டப்பா, உள்ளே நனைத்த டிஷ்யூ, மேலே பட்டர் பேப்பர். ஊட்டியில் வீட்டுச் சாக்லேட் செய்பவர்கள் பயன்படுத்தும் அதே காகிதம்தான், கடையில் கேட்டால் கிடைக்கும். மெழுகுத்தாள் வேலைக்காகாது, நீரை மேலே விடாது. பெயிண்ட்டைத் தண்ணீர் விட்டு இளக்கி இரண்டு முறை பூசுங்கள். தூரிகையில் காசு போடுங்கள், கூர் முனையுள்ள 1ஆம் எண் ஒன்றே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும்.

5. அடித்தளமும் நிலமும்

இதில் நாம் கொடுத்துவைத்தவர்கள். கவாத்து செய்து போட்ட தேயிலைக் குச்சிகள் அப்படியே முறுக்கேறிய குட்டி மரங்கள். பொம்மை நிற்கும் அடித்தட்டில் ஃபெவிகால் தடவி மேலே மண், காய்ந்த தேயிலைச் சக்கை தூவினால் சோலைத் தரை வந்துவிடும்.

பின்சேர்க்கை

தேயிலைச் சக்கை பூஞ்சை பிடிக்கிறது என்று கூடலூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். பாலில் கொதித்த சக்கை ஆகாது. வெறும் தண்ணீரில் வடித்த தூளை நன்றாக அலசி, வாணலியில் சிறு தீயில் ஈரம் போக வறுத்து, தூவியபின் மேலே நீர் கலந்த ஃபெவிகாலால் மூடிவிடுங்கள்.

தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் இரவுகளில் பெயிண்ட் குப்பிகளை வெளி அறையில் விடாதீர்கள். அக்ரிலிக் நீர் கலந்தது, ஒருமுறை உறைந்தால் திரிந்துபோகலாம். துணி அலமாரிக்குள் வைத்தால் போதும்.

கடைசியில் பூசும் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ்ஷுக்கும் பிரைமர் கதைதான். ஈரத்தில் ஸ்ப்ரே அடித்தால் முடித்த வேலையே வெளுத்துவிடும், அதையும் தூரிகையால் பூசுங்கள். ஏற்கெனவே வெளுத்துவிட்டது என்றால் உரிக்க அவசரப்படாமல், மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்துப் பாருங்கள். பல சமயம் நிறம் திரும்பிவிடும். அது காய்ந்தபின் மறுபடி மேட் பூசலாம்.