கேட்டதும் ஒட்டும் ஆல்பத்தை எடைபோடும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஒரு பாட்டை எத்தனை முறை கேட்கமுடியும் என்று தெரிய வேண்டுமா? மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கம் வாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். நிழல் பார்த்து வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்தால் பக்கத்தில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருக்கும். இந்தத் தடவை அதில் ஓடியது ஒரு புது பாப் ஆல்பம். பத்துப் பாட்டு, அரை மணி நேரம் சொச்சம். மூன்றாம் நாள் வலை தைத்துக்கொண்டிருந்த தம்பி சொன்னான்: "பத்தும் ஒரே பாட்டு மாதிரிதான் இருக்குண்ணே. ஆனா நிறுத்தவும் மனசு வரல."

இந்த இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்ல நமக்கு வருவதில்லை. ஒட்டினால் அபாரம் என்கிறோம், புதிதாக எதற்கும் துணியாமல் சேஃபாக இருந்தால் குப்பை என்கிறோம்.

முதல் தடவை கேட்டதுமே தீர்ப்பு எழுதுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. இருபதாவது தடவைக்குப் பிறகு எழுதுவது அதைவிட ஏமாற்றும். ஒன்று மறுபடி மறுபடி கண்ணில் பட்டாலே அதன்மேல் பிரியம் கூடும் என்று ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-ல் காட்டினார். காதுக்கும் அப்படித்தான். ஒரு வாரம் ஆல்பத்தைத் தொடாமல் இருந்து பாருங்கள். அப்புறம் வாயில் தானாக வருவது ஒரு முழு வரியா, வெறும் "ஓ ஓ"வா என்று கவனியுங்கள்.

ஒட்டுகிற மெட்டு போடுவது லேசான வேலை என்று நினைப்பது அடுத்த சறுக்கல். இந்த ஆல்பத்தின் இரண்டாவது பாட்டில் எட்டாவது நொடியிலேயே பல்லவி வந்துவிடுகிறது. அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது: 30 நொடி ஓடினால்தான் ஸ்பாட்டிஃபை அதை ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு வைக்கும். சரி, அது வியாபாரம். ஆனால் பல்லவியின் கடைசிச் சொல்லை ஒரு தட்டு தள்ளிப் போட்டிருக்கிறார்களே, அது கைத்திறன். தம்பியின் வலை ஊசி அந்தத் தட்டுக்காக ஒரு கணம் நின்று, பிறகு இறங்குவதை நான் பார்த்தேன். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த கரை இது. ஏ. ஈ. மனோகரனின் பொப்பிசையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் முணுமுணுப்பார்கள். லேசான பாட்டு என்று யாரும் அதை ஒதுக்கியதில்லை.

'சேஃப்' என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். எதில் சேஃப் என்று சொல்ல வேண்டும். இந்த ஆல்பத்தில் எட்டுப் பாட்டு ஏறக்குறைய ஒரே வேகம். கடைசிப் பல்லவிக்கு முன்னால் பீட் நிற்கும், நாலு கைதட்டல் வரும், மறுபடி பீட் விழும். ஏழு பாட்டில் இதே கதை. வரிகளும் அப்படித்தான். ஆறாவது பாட்டில் கடல் வருகிறது. அலை, கரை, நிலா எல்லாம் இருக்கிறது. எங்களிடம் கேட்டால் எந்தக் கடல் என்போம். இராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். காற்றுக்கும் வாடை, கச்சான் என்று பேர் உண்டு. அந்தப் பாட்டில் வருவது எந்த ஊரிலும் இல்லாத கடல்.

அதற்காக, சேஃப் என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்றும் எழுதிவிட முடியாது. பெண்கடல் அடங்கிக் கிடக்கிறதே, அதில் மீனே இல்லை என்று யாராவது சொல்வார்களா?

ஒட்டுவதற்காகத்தான் சேஃபாக ஆடினார்கள் என்று சமாதானம் சொல்வது எனக்கு ஆகாத ஒன்று. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' 1982-ல் வந்தது. ஒன்பது பாட்டில் ஏழு தனித்தனியாக வெளியாகி, ஏழும் அமெரிக்காவில் முதல் பத்துக்குள் நுழைந்தன. இதைவிட ஒட்டும் ஆல்பம் வேண்டுமா? அதில்தான் ஒரு பாட்டில் எடி வான் ஹேலனின் ராக் கிட்டார் வெடிக்கிறது. இன்னொன்றில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் பாடாமல் பேசிவிட்டுப் போகிறார்.

ஷஃபிளில் போட்டுக் கேட்காதீர்கள். ஆறிலிருந்து ஒன்பது வரை ஆல்பம் தொய்வது வரிசையாகக் கேட்டால்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று, நானே செய்தது. பேஸ், அதாவது கீழ்ச்சுருதி, சரியில்லை என்று ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். கேட்டதெல்லாம் உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில், அதுவும் கடற்கரைக் காற்றில். அவ்வளவு சின்னப் பெட்டியில் கீழ்ச்சுருதி எழும்பவே எழும்பாது. இரவு ஹெட்ஃபோனில் கேட்டால், நாலாவது பாட்டில் பேஸ் கிட்டார் பாடகியை விட்டுவிட்டுத் தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டு போகிறது. அந்தப் பத்தியை அழித்தேன்.

தடை முடிந்து படகு கிளம்பிய அன்று தம்பியின் மெமரி கார்டை வாங்கிப் பார்த்தேன். அந்த ஆல்பத்தில் மூன்று பாட்டுதான் மிச்சம். நாலாவது இருக்கிறது, ஆறாவது இல்லை.