சவரக்கத்திக்கும் ஏற்ற பெல்ட் கிரைண்டர்: தேர்வும் கட்டுமானமும்

சக்கரங்களின் மேல் ஓடும் சொரசொரப்பான பட்டையால் எஃகைத் தேய்த்து உருவம் கொடுக்கும் இயந்திரமான பெல்ட் கிரைண்டரை வாங்க நினைப்பவர்கள் முதலில் மோட்டாரின் குதிரைத்திறனைத்தான் விசாரிப்பார்கள். கத்தி மட்டும் செய்பவருக்கு அந்த விசாரணை போதும். சவரக்கத்தியும் செய்ய ஆசைப்படுபவர், பட்டையை எவ்வளவு மெதுவாக ஓட்டலாம், எவ்வளவு சிறிய சக்கரத்தை மாட்டலாம் என்ற இரண்டையும் அதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

படி 1: பட்டையின் அளவு

2 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட பட்டையைத் தேர்ந்தெடுங்கள். கத்தி செய்பவர்களிடையே பரவலான அளவு இதுவே என்பதால் சொரசொரப்பான 36 முதல் வழவழப்பான 400-க்கு மேல் வரை எல்லாத் தரங்களும் இதில் கிடைக்கும். 1 அங்குலப் பட்டை ஓடும் சிறிய இயந்திரம் தீட்டுவதற்கு உதவும். உருவம் கொடுக்கும் வேலையில் பொறுமையைச் சோதிக்கும்.

படி 2: சக்கரம்

இயந்திரத்தின் தகுதி தெரிவது இங்கேதான். சவரக்கத்தியின் இரு பக்கங்களையும் சக்கரத்தின் வளைவில் வைத்துத் தேய்த்து, நடுவில் பள்ளமாகக் குழித்து மெல்லியதாக்குவார்கள்; சக்கரம் சிறிதானால் பள்ளம் ஆழமாகும். முதுகு 5 மில்லிமீட்டர் தடிமனும், முதுகிலிருந்து வாய் வரை 19 மில்லிமீட்டர் அகலமும் உள்ள ஒரு சவரக்கத்தியை எடுத்துக்கொள்வோம். குழிக்காமல் ஆப்பு வடிவில் விட்டால் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தில் 14 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பிடித்தால் பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டர்தான் குழியும், நடுவில் 2.1 மில்லிமீட்டர் மிஞ்சும். அதே பள்ளத்தை 75 மில்லிமீட்டர் சக்கரத்தில் பிடித்தால் பக்கத்துக்கு 0.65 மில்லிமீட்டர் குழிந்து, நடுவில் 1.2 மில்லிமீட்டர் மட்டுமே நிற்கும். ஆகவே சமையல் கத்திக்குப் பட்டையைப் பின்னாலிருந்து தாங்கும் தட்டையான பலகையும் பெரிய சக்கரமும், சவரக்கத்திக்குச் சிறிய சக்கரமும் மாற்றி மாட்டும்படி, அவற்றைத் தாங்கும் கைச்சட்டம் கழன்று வர வேண்டும். கைச்சட்டம் கழலாத இயந்திரத்தை விலை மலிவென்று வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

படி 3: மோட்டாரும் வேகமும்

1.5 முதல் 2 குதிரைத்திறனுள்ள மூன்று ஃபேஸ் மோட்டாரும், அதன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியும் நல்ல இணை. 100 மில்லிமீட்டர் ஓட்டுச்சக்கரம் நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றினால் பட்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 880 மீட்டர் ஓடும். இது முரட்டு வேலைக்குச் சரி; பதம் போட்ட, அதாவது சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய, சவரக்கத்திக்கு இதில் கால் பங்கே போதும். வேகம் குறையும்போது மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால், நெடுநேரம் அப்படி ஓட்டினால் மோட்டார் சூடேறும். இரும்புத்தூள் உள்ளே போகாதபடி மோட்டாரும் விஎஃப்டி பெட்டியும் முழுக்க மூடியிருப்பது கட்டாயம்; மின் இணைப்பையும் நில இணைப்பையும் தேர்ந்த மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

படி 4: கட்டும்போது

சட்டம் கனமாக இருக்கட்டும். பட்டையின் ஓட்டத்தைச் சரிசெய்யும் மேல் சக்கரத்தின் நடுப்பகுதி சற்றே மேடாக இருந்தால்தான் பட்டை நடுவில் நிற்கும். அந்தச் சக்கரத்தை இடமும் வலமும் சாய்க்க ஒரு திருகும், பட்டையை இறுக்க ஒரு சுருள்வில்லும் தேவை. தட்டைப் பலகை தன் இரு சக்கரங்களைவிட ஒரு நூல் முன்தள்ளி இருக்க வேண்டும். மின்சாரம் கொடுப்பதற்கு முன் பட்டையைக் கையால் பத்துச் சுற்றாவது உருட்டிப் பாருங்கள். நான் ஒருமுறை அதைத் தவிர்த்ததால், பட்டை ஓரம் நகர்ந்து சட்டத்தில் உரசி, நீளவாக்கில் கிழிந்து போயிற்று.

படி 5: முதல் சாணை

பதம் போடுவதற்கு முன்பே வாயை மெல்லியதாக்கினால் எஃகு சூட்டில் கோணிக்கொள்ளும். அரை மில்லிமீட்டருக்குக் குறையாமல் விட்டுவைத்து, மிச்சத்தைப் பதத்துக்குப் பிறகு மெதுவான வேகத்தில் எடுங்கள். கையுறை வேண்டாம், அது பட்டையில் சிக்கும், சூட்டையும் விரலுக்குச் சொல்லாது. ஒவ்வொரு இழுப்புக்கும் கத்தியை நீரில் தோய்த்து எடுங்கள். வாயில் நீல நிறம் ஏறிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் தூசு வடிகட்டும் முகமூடியும் இல்லாமல் இயந்திரத்தை முடுக்காதீர்கள். தீப்பொறி விழும் இடத்தில் மரத்தூள் கிடக்கக் கூடாது.

கத்தியின் முதுகைப் பட்டையில் படவே விடாதீர்கள். சவரக்கத்தி கல்லில் தீட்டப்படும்போது முதுகும் வாயும் ஒருசேரப் படிவதால், கூர்க்கோணத்தை முதுகின் தடிமனே தீர்மானிக்கிறது. நாம் கண்ட அளவில் அது 15 பாகை. இறுதியாக, வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் மெல்லச் சாய்த்து அழுத்திப் பாருங்கள். போதிய அளவு குழிந்த கத்தியில், நகம் படும் இடத்தில் எஃகு சிறிது வளைந்து மீள்வதைக் காணலாம். அந்த வளைவு ஓரிடத்தில் மட்டும் எழாமல் நின்றால், அங்கே இன்னும் இரண்டு இழுப்பு பாக்கியிருக்கிறது.