4294967297: பெரிய எண்ணை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முப்பத்திரண்டு இரண்டுகளைப் பெருக்கி, வந்த விடையுடன் 1-ஐக் கூட்டினால் 4294967297 கிடைக்கும். 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இது பகா எண் என்றே 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். இதே அமைப்பில், அதாவது 1, 2, 4, 8, 16 இரண்டுகளைப் பெருக்கி 1-ஐக் கூட்டினால், இதற்கு முன் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்களாக இருந்ததே காரணம். ஐந்து சான்றுகளை நிரூபணமாக எடுத்துக்கொள்வதுதான் முதல் தவறு. 641 இதை மீதியின்றி வகுக்கும் என்று 1732-இல் சுவிஸ் கணித மேதை ஆய்லர் காட்டினார். இந்த வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூட அகப்படவில்லை.

பலர் 3, 7, 11, 13 என்று சில எண்களால் வகுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் வகுக்காததால் பகா எண் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வர்க்கமூலம் வரை, அதாவது இங்கே 65536 வரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றையும் சோதித்தால்தான் அப்படிச் சொல்ல முடியும். எண்ணின் பாதி வரை போவது வீண் உழைப்பு.

இன்னும் பெரிய இழப்பு, எண் பிறந்த விதத்தைக் கவனிக்காமல் வகுக்கத் தொடங்குவது. இந்த எண்ணின் எந்தப் பகாக் காரணியையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். எனவே 193, 257, 449, 577, 641 என்ற வரிசையில் சோதித்தால் போதும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை! ஆயிரக்கணக்கான வகுத்தல்களை ஒரு சிறு உண்மை மிச்சப்படுத்துவதைக் காணும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

641 கிடைத்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். ஈவாக வரும் 6700417 பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 2588-ஐச் சற்றே தாண்டும். 641-க்குக் குறைந்தவை ஏற்கெனவே விலகிவிட்டதால், அதே 64 விதிப்படி எஞ்சும் 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113 ஆகிய ஏழு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் வேலை முடிந்தது. அதன் பிறகே வகுத்திகள் நான்கு என்றும், அவற்றின் கூடுதல் 4301668356 என்றும் எழுதலாம்.

2-ஐ அடிமானமாகக் கொண்ட ஃபெர்மா சோதனையை மட்டும் நம்புவதும் ஆபத்து. எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு 2-ஐ உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பதே அந்தச் சோதனை. 2-இன் 64-ஆம் அடுக்கை இந்த எண்ணால் வகுத்தால் மீதி 1. சோதனைக்கு வேண்டிய அடுக்கு 64-இன் மடங்கு என்பதால், அங்கும் மீதி 1-தான். பகு எண் பகா எண்ணைப் போலத் தேறிவிடுகிறது. அடிமானத்தை 3 என்று மாற்றினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கணினியில் செய்கிறவர்கள் முதலில் எண் அளவைப் பாருங்கள். 32 பிட் (இரும இலக்கம்) கொண்ட, எதிர்மறை இல்லாத முழு எண்ணின் உச்சம் 4294967295. அதில் நம் எண்ணைப் போட்டால் எஞ்சுவது வெறும் 1. விரிதாள் மென்பொருள்கள் பொதுவாக 15 இலக்கங்களுக்கு மேல் துல்லியம் காப்பதில்லை. அதைவிட நீண்ட எண்களின் கடைசி இலக்கங்கள் ஓசையின்றிப் பூச்சியமாகிவிடும். அப்படிச் சிதைந்த எண்ணுக்குக் காரணி தேடினால் வேறொரு எண்ணின் காரணிகள்தான் கிடைக்கும்.