கேப்பிபாராவை வரைவது எப்படி?

இராயபுரத்துப் பிள்ளைகளிடம் பெரிய எலி ஒன்றை வரையச் சொன்னால், இரவில் சாக்கடை இடுக்கிலிருந்து தலைநீட்டும் பெருச்சாளியைத்தான் வரைவார்கள். உலகின் மிகப் பெரிய கொறிவிலங்கான கேப்பிபாராவைப் பள்ளி சார்ட்டில் வரைய உட்கார்ந்த என் அக்கா மகளும் நீண்ட வாலைத்தான் முதலில் போட்டாள். கேப்பிபாராவுக்கு வெளியே தெரியும்படி வாலே இல்லை என்பதால், எங்கள் வேலை ரப்பரிலிருந்து தொடங்கியது.

தலையை முதலில் வரையுங்கள். படுக்கவைத்த செங்கல்லைப் போல ஒரு கட்டை வரைந்து, அதன் முன்பக்கத்தை மழுங்கலாக விட்டு, மேல்விளிம்பை ஒட்டியே மூக்குத்துளை, கண், சிறிய காது ஆகிய மூன்றையும் வரிசையாக வையுங்கள். படத்தின் உயிர் இந்த வரிசையில்தான் இருக்கிறது. குட்டையில் கிடக்கும் எருமையைப் பார்த்தவர்களுக்குக் காரணம் உடனே விளங்கும்: உடல் முழுவதையும் நீரில் அமிழ்த்திவிட்டு, இம்மூன்றை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கேப்பிபாரா மூச்சுவிடுகிறது, பார்க்கிறது, கேட்கிறது, ஆபத்து நெருங்கினால் 5 நிமிடம் வரைகூட முழுதாக மூழ்கியிருக்கும். கண்ணைச் சற்றுக் கீழே இறக்கினாலும் அது பன்றியாகிவிடும். எங்களுக்கு இரண்டு முறை ஆனது. வரைவது ஆண் என்றால், மூக்கின்மேல் மயிரில்லாத கரிய மேடு ஒன்றையும் சேருங்கள். அது வாசனைச் சுரப்பி.

உடலுக்கு ஒரு பீப்பாய் போதும். வளர்ந்த விலங்கு 35 முதல் 66 கிலோ வரை எடையும், தோள்வரை 50 முதல் 62 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். அளவு பிடிபடாத பிள்ளைக்கு அடுப்படியிலுள்ள கேஸ் சிலிண்டரைக் காட்டுங்கள். உயரம் ஏறக்குறைய அதுதான், ஆனால் நிறைந்த சிலிண்டரே 30 கிலோ அளவுதான் வரும். கால்களைக் குட்டையாகப் போட்டு, முன்காலில் நான்கு, பின்காலில் மூன்று என விரல்களை வரைந்து, இடையே சிறிது சவ்வையும் காட்டுங்கள்.

நிறம் செம்பழுப்பு. கடைப் பொம்மைகளைப் பார்த்துப் பஞ்சுபோல நிரப்பிவிட வேண்டாம். மயிர் முரடானது, அடர்த்தியற்றது, ஆகவே கோடுகளுக்கிடையே தாள் தெரியட்டும். வெயில் தோலைச் சுடும் என்பதால் அது சேற்றில் புரள்வதுண்டு. வயிற்றில் சேற்றைத் தீட்டினால் பிழையில்லை.

பின்னணியில் எண்ணூர்க் கழிமுகத்தை வரையும் ஆசை எழலாம். அது தென் அமெரிக்க விலங்கு. பிரேசில், வெனிசுலா போன்ற நாடுகளின் ஆற்றோரப் புல்வெளியே அதற்குப் பொருந்தும். தனியாக வரையாமல் பத்துப் பதினைந்தாகக் கூட்டமாக வரையுங்கள். குட்டிகள் பெற்ற தாயிடம் மட்டுமன்றிக் கூட்டத்தின் மற்றப் பெண்விலங்குகளிடமும் பால் குடிக்கும் என்பதால், அவற்றை எந்தத் தாயின் பின்னும் விடலாம். முதுகில் பறவையை அமர்த்தலாம். வீடியோக்களில் காணும் அந்தச் சாந்தம் உண்மைதான். என்றாலும் ஜாகுவாரைக் கண்டால் நாயைப்போல் குரைத்து எச்சரித்துவிட்டு நீரில் பாய்ந்துவிடும்.

வாயில் புல்லை மறக்காதீர்கள். உண்ட புல்லின் சத்தை முழுதாகப் பெறுவதற்காக அது காலையில் தன் கழிவையே மீண்டும் உண்ணும் என்று சொன்னதும், அக்கா மகள் பென்சிலை வைத்துவிட்டு, அந்தக் காட்சியை மட்டும் வரைய முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.