ஆங்கில விடுதிப் பள்ளிக் குறும்புக் கதை எழுதுவது எப்படி?

இந்த வகைக் கதையில் பையன் குறும்பு செய்யக் கிளம்புவதே இல்லை. யாருக்கோ உதவத்தான் போகிறான். தன் வயதுக்கு எட்டிய நியாயப்படி ஒவ்வொரு அடியையும் சரியாகத்தான் வைக்கிறான். முடிவில் பள்ளிக்கூடமே தலைகீழாகிவிடுகிறது. ஆசிரியரின் நாற்காலியில் பசை தடவும் பையனைப் பார்த்து ஒரு தடவை சிரிக்கலாம், ஒரு புத்தகம் முழுக்க அவனோடு போக முடியாது.

வயதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் எட்டு முதல் பதின்மூன்று வயது வரை பிரெப் பள்ளி. அதன்பின் நுழைவுத் தேர்வு எழுதிப் பப்ளிக் ஸ்கூல். பெயர்தான் அப்படி, அது கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. நகைச்சுவைக்குப் பத்து, பதினொன்றுதான் சரியான வயது. எட்டு வயதுக்காரனுக்கு வீட்டு ஏக்கம். பதின்மூன்றில் தெரிந்தே பொய் சொல்ல வந்துவிடும். ஆசிரியராக இருந்த ஆன்டனி பக்கரிட்ஜ், 1948இல் பிபிசி வானொலிக்காகப் படைத்த ஜென்னிங்ஸ் என்ற பையன் பள்ளிக்குள் நுழையும்போது அவனுக்கும் வயது பத்துதான்.

அடுத்தது காலம். 1950களை எடுத்துக்கொண்டால் வசதி அதிகம். வீட்டோடு தொடர்பு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக் கடிதம்தான் என்பதால், ஒரு தவறான புரிதல் நாள்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆனால் விவரம் பிசகக் கூடாது. மிட்டாய்க்கான ரேஷன் 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. அதற்கு முந்தைய கதையில் பையன் கைநிறைய மிட்டாய் வாங்கினால் தப்பு. 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இந்தக் கணக்கு 1971 வரை இருந்தது.

பிறகு பள்ளியின் மணிகளை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள்: எழுப்பும் மணி, காலையுணவு, பாடங்கள், விளையாட்டு, தேநீர், மாலைப் படிப்பு, விளக்கணைப்பு. கதையை முடுக்குவது இந்த மணிகள்தான்.

கதையைப் பின்னாலிருந்து கட்டுங்கள். முதலில் மோதல்: சனிக்கிழமை மதியம் 2.30, வெளிப்பள்ளிக் கால்பந்து அணி மைதானத்தில் நிற்கிறது. நம் பதினொரு பேரும் உடைமாற்றும் அறையைவிட்டு வரவில்லை. ஏன்? காலுறைக்குள் கால் நுழையவில்லை. ஏன்? வாய்ப்பகுதியில் பெயர்ப்பட்டி தைத்தபோது ஊசி இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. யார் தைத்தது? நம் பையனும் அவன் தோழனும். ஏன்? புதிதாக வந்த 22 காலுறைகள் கூடையில் கிடக்க, பிள்ளைகளின் உடையையும் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ளும் மேட்ரன் அம்மா பல்வலியோடு படுத்துவிட்டார். யாரையாவது கேட்டிருக்கலாமே? அன்று காலையில்தான் ஆசிரியர், "எதற்கெடுத்தாலும் என்னிடம் வந்து நிற்காதே, சொந்த மூளையைப் பயன்படுத்து" என்று அவனைத் திட்டியிருந்தார்.

‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே பின்னால் போய், பெரியவர் ஒருவரின் வாய்ச்சொல்லில் முட்டி நின்றால் கட்டுமானம் முடிந்தது. அங்கிருந்து முன்னோக்கி எழுதலாம்.

இனி ஓட்டைகளை அடைக்க வேண்டும். நேரம் போதுமா? ஒரு பட்டிக்கு ஐந்து நிமிடம், இரண்டு பேர், 22 காலுறை: 55 நிமிடம். வெள்ளி மாலை தேநீருக்கும் படிப்புக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஓய்வு வைத்தால் போதும். ஒன்றையாவது போட்டுப் பார்க்கக் கூடாதா? கடைசித் தையலில் மணி அடித்துவிட்டது. இழுத்தால் பிய்ந்துவிடாதா? பொத்தான் தைக்கும் தடித்த நூல். ஒவ்வொரு ஓட்டையையும் பள்ளியின் ஒழுங்கே அடைக்கும்படி பாருங்கள். தற்செயல் ஒன்றே ஒன்று இருக்கலாம், அதுவும் பையனுக்கு எதிராக இருக்கட்டும். அவனைக் காப்பாற்ற வரும் தற்செயலை வாசகர்கள் மன்னிக்க மாட்டார்கள்.

தைக்கும் காட்சியை அவசரப்படாமல் எழுதுங்கள். விரலில் ஊசி குத்துவது, நூல் முடிச்சு விழுவது எல்லாம் வரட்டும். "மேட்ரன் தைத்ததைவிட நம்முடையது கெட்டியாக இருக்கிறதடா" என்று தோழன் பெருமைப்படும் இடத்தில் வாசிக்கும் பிள்ளைக்கு விஷயம் புரிந்துவிட வேண்டும். பையன்களுக்கு முன்பே வாசகருக்குத் தெரிந்திருப்பதில்தான் சிரிப்பு இருக்கிறது. கடைசியில் திடீரென்று உடைத்தால் வியப்பு வரும், சிரிப்பு வராது.

பெரியவர்கள் நான்கு பேர் போதும்: எட்டி நிற்கும் தலைமையாசிரியர், சட்டென்று கொதிக்கும் ஆசிரியர், பொறுமையான இளம் ஆசிரியர், மேட்ரன். கொதிக்கிறவரைக் கொடியவராக்குவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. அவர் நியாயமானவராக இருந்தால்தான் அவர் தடுமாறும்போது பிள்ளைகள் பயமின்றிச் சிரிப்பார்கள். பையன்கள் ஒருவரையொருவர் குடும்பப் பெயரால் அழைக்கட்டும், ‘டா’ போட்டுப் பேசட்டும், ஆசிரியரிடம் ‘சார்’. சென்னைப் பேச்சு வழக்கைப் புகுத்தினால் பள்ளியே இடம் மாறிவிடும்.

அக்காலத்தில் பிரம்படி உண்மையிலேயே இருந்தது. ஆனால் பிரம்பு வந்த பக்கத்திலிருந்து சிரிப்பு போய்விடும். "யார் சொல்லி இதைச் செய்தாய்?" என்ற கேள்விக்கு, "நீங்கள்தான், சார்" என்று பையன் துளியும் எகத்தாளம் இல்லாமல் சொல்லட்டும். ஆசிரியர் வாயடைத்து நிற்க, தண்டனை குற்றத்துக்குள்ளிருந்தே வரட்டும்: ஞாயிறு மதியம் 22 காலுறைகளையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். வீங்கிய கன்னத்தோடு மேட்ரன் பக்கத்தில் உட்கார்ந்து, காலுறைக்குள் ஓர் அட்டையைச் செருகிக்கொண்டு தைத்தால் மறுபக்கம் மாட்டாது என்று காட்டுகிறார். அந்த அட்டையை எடுத்துக்கொண்டு அவன் அடுத்த உதவிக்குக் கிளம்பும் இடத்தில் இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கலாம்.