திரையில் 135, மீட்டரில் 182

மூன்று வாரம் மண்டையைக் குடைந்த கணக்கு ஒருவழியாகப் பிடிபட்டது.

என் மின்சாரக் காருக்கு ஒவ்வொரு முறை சார்ஜ் போடும்போதும் சுவர் மீட்டர் யூனிட்டையும் ஓடோமீட்டரையும் எக்செலில் குறித்து வைப்பேன். கிலோமீட்டருக்கு 155 வாட்-மணி என்றிருந்தது திடீரென 182 ஆனது.

டயர் காற்று சரியாகவே இருந்தது. ஒரு வாரம் ஏசி போடாமல் ஓட்டினேன், வியர்த்ததுதான் மிச்சம். பேட்டரி தேய்மானமோ என்று பயந்தேன். ஆனால் கொள்ளளவு குறைந்தால் ரேஞ்ச்தான் குறையும், கிலோமீட்டர் செலவு இப்படி எகிறாது.

கவனிக்கத் தவறியது இதுதான்: காரின் திரை அத்தனை நாளும் 135 என்றே காட்டியது. அது பேட்டரியிலிருந்து வெளியே போவதை மட்டுமே எண்ணும். சுவருக்கும் பேட்டரிக்கும் நடுவில் தொலைவது அதன் கணக்கில் வராது. அப்படியென்றால் கோளாறு ஓட்டுவதில் இல்லை, சார்ஜ் ஏற்றுவதில்.

பேட்டரிக்கு நல்லது என்று சார்ஜ் ஏறும் மின்னோட்டத்தை நானே 16 ஆம்பியரிலிருந்து 6 ஆகக் குறைத்துவிட்டு மறந்திருந்தேன். சார்ஜ் ஏறி முடியும்வரை காரின் கணினி, கூலன்ட் பம்ப் எல்லாம் விழித்தே இருக்கும். இரண்டு வேகத்திலும் அளந்து பார்த்ததில் என் காரில் அதற்கு மட்டும் சுமார் 300 வாட். 230 வோல்ட், 16 ஆம்பியரில் வரும் 3,680 வாட்டில் அது 8 சதவீதம். 6 ஆம்பியரில் வருவதே 1,380 வாட்தான், அதில் 22 சதவீதம் போய்விடுகிறது. நேரமும் இரண்டரை மடங்குக்கு மேல்.

மறுபடி 16க்கு மாற்றினேன். அடுத்த நான்கு சார்ஜில் சராசரி 156. எக்செலில் ஆம்பியருக்கும் இப்போது ஒரு பத்தி உண்டு.