சாய்ந்து ஓட்டும் சைக்கிள்: ஸ்டியரிங் கோணத்தை நாமே சோதித்துப் பார்ப்போம்

முதுகைச் சாய்த்து, கால்களை முன்னால் நீட்டி ஓட்டும் சைக்கிளை வீட்டிலேயே செய்யும்போது வரும் முதல் குழப்பம், ஹெட் டியூபை (ஹேண்டிலின் தண்டு உள்ளே திரும்பும், ஃப்ரேமின் முன்பக்கக் குழாய்) எந்தக் கோணத்தில் வைப்பது என்பதுதான். சாதாரண சைக்கிளில் இடுப்பை அசைத்துச் சமாளித்துவிடலாம். இதில் உடம்பு இருக்கையோடு ஒட்டிக்கிடக்கிறது. விழாமல் காப்பது பெரும்பாலும் ஹேண்டில்பார்தான். எனவே கடைசி ஃப்ரேமை வெல்டிங் செய்வதற்கு முன், பழைய இரும்பில் ஒரு சோதனை ஃப்ரேம் செய்துகொள்ளுங்கள்.

படி 1: டிரெயிலை அளப்பது

ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து, முன்சக்கரத்தை நேராக வையுங்கள். ஹெட் டியூபின் நடுக்கோட்டை ஒட்டி நீளமான குச்சி ஒன்றைப் பிடித்தால், அது தரையைத் தொடும் இடம் ஒரு புள்ளி. முன் அச்சிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் இன்னொரு புள்ளி. இரண்டையும் சாக்பீஸால் குறியுங்கள். இடையில் உள்ள தூரம்தான் டிரெயில்; ஹெட் டியூபின் கோணம் மாறினால் இதுவும் மாறும். குச்சியின் புள்ளி முன்னால் இருக்க வேண்டும்.

20 அங்குலச் சக்கரம் (தரையிலிருந்து அச்சு 250 மி.மீ.), தரையோடு 70 டிகிரியில் ஹெட் டியூப், 40 மி.மீ. வளைவுள்ள ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை; அதன் வளைவு என்பது ஹெட் டியூபின் நடுக்கோட்டிலிருந்து அச்சு முன்னால் தள்ளியிருக்கும் தூரம்) என்றால் டிரெயில் சுமார் 48 மி.மீ. வரும். தொடங்குவதற்கு இது நல்ல அளவு.

படி 2: கோணத்தை மாற்றுவது

இதற்கு வெல்டிங் தேவையில்லை. பின் அச்சைத் தாங்க, 20 மி.மீ. இடைவெளியில் ஒன்றின் கீழ் ஒன்றாக மூன்று துளை போட்ட கனமான இரும்புத் தகடுகளை இரு பக்கமும் போல்ட் போட்டு மாட்டுங்கள். இரு சக்கரங்களின் அச்சுகளுக்கு இடையே 1.2 மீட்டர் இருந்தால், ஒரு துளை மாறினால் கோணம் ஏறக்குறைய 1 டிகிரியும் டிரெயில் 5 மி.மீ. அளவும் மாறும். அச்சைக் கீழ்த் துளைக்கு இறக்கினால் ஃப்ரேமின் பின்பக்கம் உயரும், ஹெட் டியூப் நிமிரும், டிரெயில் குறையும். பின் பிரேக் ரப்பர் ரிம்மை விட்டு விலகிவிடும், அதனால் முன் பிரேக் கட்டாயம் வேலை செய்ய வேண்டும்.

படி 3: ஓட்டிப் பார்ப்பது

ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத லேசான சரிவில் பெடல் மிதிக்காமல் இறங்குங்கள். நடை வேகத்தில் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் சரிந்து விழப் பார்த்தால் ஹெட் டியூபை நிமிர்த்துங்கள். வேகத்தில் படபடவென்று துள்ளினால் டிரெயிலைக் கூட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான்! நான் முதல் தடவை கோணத்தையும் ஹேண்டிலின் நீளத்தையும் சேர்த்தே மாற்றினேன். எதனால் சரியானது என்று புரியாமல் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஃபோர்க்கைப் பின்பக்கமாகத் திருப்பியும் பார்க்கலாம். 48 மி.மீ. டிரெயில் 133 ஆகிவிடும். பிரிட்டிஷ் வேதியியலாளர் டேவிட் ஜோன்ஸ் 1970-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படித் திருப்பிய சைக்கிள், ஆளில்லாமல் தள்ளிவிட்டபோது வியக்கத்தக்க நிலைத்தன்மையோடு ஓடியது. ஆனால் நாம் ஏறி மெதுவாக ஓட்டும்போது ஹேண்டில் சரிந்து இழுப்பது கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. சாய்ந்து ஓட்டுபவருக்கு இது ஆகாது.

அப்புறம், முழங்கால் ஹேண்டிலில் இடிக்கிறதா, திருப்பும்போது குதிகால் முன்சக்கரத்தில் உரசுகிறதா என்று இரு பக்கமும் பாருங்கள். அதுவும் சரி என்றால், அந்தத் துளையில் வைத்துக் கோணத்தை அளந்து, புது ஃப்ரேமின் ஹெட் டியூபை அதே கோணத்தில் வெல்டிங் செய்யலாம்.